நெல்லை வழக்கு என்றால் எந்த வழக்கு?

வேப்பமரத்தடி எழுதியது:

பாளையங்கோட்டையில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறேன். பகல் முழுக்க வழக்குரை, வழக்கு மூலம், வழக்குச் சொத்து என்று தட்டச்சு செய்கிற வேலை. நேற்று ராத்திரி அக்கா மகனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். இலக்கணப் புத்தகத்தில் 'இயல்பு வழக்கு மூன்று, தகுதி வழக்கு மூன்று' என்று இருந்தது. "சித்தி, இந்த ஆறு வழக்குக்கும் வாதி யாரு, பிரதிவாதி யாரு?" என்று கேட்டான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

அப்புறம்தான் யோசித்தேன். பேப்பரில் 'நெல்லை வழக்கு' என்று போட்டிருந்தால் அது செஷன்ஸ் கோர்ட்டில் நடப்பதா, நாம் பேசுகிற பேச்சா என்று கீழே படித்தால்தான் தெரிகிறது. இரண்டும் ஒரே சொல்லா? அல்லது இரண்டு சொற்கள் ஒரே மாதிரி ஒலிக்கின்றனவா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பையனுக்கு நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கல்லிடை வாத்தியார் எழுதியது:

அம்மா, அந்தப் பையனை நான் தட்டிக்கொடுத்ததாகச் சொல்லுங்கள். 32 வருஷம் தமிழ் எடுத்தேன். ஒரு பிள்ளையும் இதைக் கேட்டதில்லை, நானாகவும் சொன்னதில்லை.

ஒரே சொல்தான். முழங்கு, முழக்கு, விளங்கு, விளக்கு, அதே போல வழங்கு, வழக்கு. வினையில் இருந்த மெல்லெழுத்து வல்லெழுத்தாகிப் பெயர் பிறக்கிறது. 'வழங்கு' என்றால் இன்றைக்குக் 'கொடு' என்ற பொருள்தான் முதலில் நினைவுக்கு வரும், நிவாரணம் வழங்கினார் என்கிறோமே, அது. ஆனால் அதற்கு நடமாடுதல் என்ற பொருளும் பழைய காலத்திலேயே உண்டு. 'அல்லல் அருளாள்வார்க்கு இல்லை வளிவழங்கும் மல்லன்மா ஞாலம் கரி' என்ற குறளில் காற்று யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை, உலாவுகிறது. நம் வீட்டுப் பேச்சில் 'புழங்கு' என்ற சொல் இதே வேலையைச் செய்கிறது பாருங்கள். ஆள் புழங்காத வீடு என்கிறோம், புழக்கத்தில் இல்லாத சொல் என்றும் சொல்கிறோம். காலுக்கும் நாவுக்கும் ஒரே வினை.

ஆக, ஒரு சொல் மக்கள் வாயில் நடமாடிக்கொண்டிருந்தால் அது வழக்கு. நடமாட்டம் நின்றுபோனால் வழக்கொழிந்த சொல். நன்னூல் இதைத்தான் ஆறாகப் பிரிக்கிறது. இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ, இவை மூன்றும் இயல்பு வழக்கு. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி, இவை மூன்றும் தகுதி வழக்கு. மரூஉவுக்குப் புத்தகத்தில் தஞ்சாவூர் தஞ்சையானதைச் சொல்வார்கள். உங்கள் பையனுக்கு வீட்டு வாசலிலேயே இருக்கிறது: திருநெல்வேலி நெல்லையானது, அம்பாசமுத்திரம் அம்பையானது, சேரன்மகாதேவி சேர்மாதேவியானது. நீங்கள் கேட்ட 'நெல்லை வழக்கு' என்ற தொடரிலேயே முதல் சொல் ஒரு மரூஉ வழக்கு.

நன்னூலுக்குப் பேர்பெற்ற உரை எழுதிய சங்கர நமச்சிவாயர் திருநெல்வேலிக்காரர். அதைத் திருத்தி விருத்தியுரை ஆக்கிய சிவஞான முனிவர் இதோ பக்கத்தில் விக்கிரமசிங்கபுரம். இதையும் பையனிடம் சொல்லிவையுங்கள். இலக்கணம் எங்கோ தூரத்தில் இருந்து வந்தது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள்.

கோர்ட்டு வழக்குக்கு வருகிறேன். பத்துப் பேர் வழங்கிவருகிற இடத்தில் ஒருவன் குறுக்கே நின்று 'இது எனது' என்கிறான். ஊர் கூடி 'இங்கே வழக்கம் என்ன?' என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்கே வழக்கு என்று பேர் நிலைத்துவிட்டது என்பது என் எண்ணம்.

கீழரதவீதி எழுதியது:

வாத்தியார் ஐயாவிடம் படிக்காத குறையை இங்கே தீர்த்துக்கொள்கிறேன். ஆனால் கடைசிப் பத்தியை என்னால் அப்படியே ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

வடமொழியில் 'வியவகாரம்' என்ற சொல் இருக்கிறது. நம்மிடம் 'விவகாரம்' என்று வழங்குவது அதுதான். அதற்கு உலக வழக்கம் என்றும் பொருள், நீதிமன்றத் தகராறு என்றும் பொருள். அப்படியே நம் வழக்கின் இரண்டு பொருளும்! பரிமேலழகர் குறளுக்கு எழுதிய உரைப்பாயிரத்தில் அறத்தை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என்று மூன்றாகப் பிரிக்கிறார். வழக்கைப் பற்றிச் சொல்லும்போது கடன் கோடல் (கடன் வாங்குதல்) முதலிய பதினெட்டுப் பதம், அதாவது பதினெட்டு வகைத் தகராறு என்கிறார். அந்தப் பதினெட்டு மனுநூலின் எட்டாம் அத்தியாயத்துக் கணக்கு, அங்கேயும் கடன்தான் முதலாவது. அதனால் தமிழில் 'வழக்கு' முதலில் பேச்சு வழக்கத்தை மட்டும் குறித்தது, நீதிமன்றப் பொருள் வியவகாரத்தைப் பார்த்துப் பின்னால் ஏறியது என்றே எனக்குப் படுகிறது. குறளிலேயே நீதிக்கு வரும் சொல் 'முறை'. 'முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்', அவ்வளவுதான். வழக்கு என்று அங்கே இல்லை.

கல்லிடை வாத்தியார் எழுதியது:

நல்ல மறுப்பு. முறை பற்றிச் சொன்னது சரி. மதுரைக்காஞ்சியிலும் நீதி சொல்லும் சபைக்கு 'அறங்கூறு அவையம்' என்றுதான் பெயர். பதினெட்டுக் கணக்கும் வடநூல் கணக்கு, மறுக்கவில்லை.

ஆனால் அதே பாயிரத்தில் பரிமேலழகர் வழக்கை எப்படி விளக்குகிறார் என்று பாருங்கள். ஒரு பொருளைத் தனித்தனியே 'எனது எனது' என்று இருப்பவர்கள், அது காரணமாகத் தம்முள் மாறுபட்டு அப்பொருள்மேற் செல்வது என்கிறார். இந்த 'எனது எனது' என்ற இரண்டு சொல்லை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுக்காது. அந்த 'அது' ஆறாம் வேற்றுமை உருபு. ஆறாம் வேற்றுமைக்குப் பொருள் கிழமை, அதாவது உரிமை. அதையும் தற்கிழமை, பிறிதின்கிழமை என்று இலக்கணம் இரண்டாகப் பிரிக்கிறது. எனது கை என்றால் தற்கிழமை, அதை என்னிடமிருந்து பிரிக்க முடியாது. எனது வயல் என்றால் பிறிதின்கிழமை, அது கைமாறும். சிவில் கோர்ட்டு முழுக்க இந்த இரண்டாவது கிழமைக்குள்தானே அம்மா நடக்கிறது?

இன்னொன்று. சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் முன்னால் போய் நின்ற காதைக்கு 'வழக்குரை காதை' என்று பேர். பரிமேலழகருக்கு முந்திய காப்பியம். அவள் வழக்கை உரைத்தாள், அந்தச் சொல்லில்தான் நீங்கள் இன்று வழக்குரைஞர்.

தென்காசிச் சாரல் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்க வேண்டும். ஆங்கிலத்திலும் இதே மாதிரி ஒரு முடிச்சு உண்டு. 'கேஸ்' என்ற சொல் கோர்ட்டு வழக்கையும் குறிக்கும், இலக்கணத்தில் வேற்றுமையையும் குறிக்கும். இரண்டுக்கும் மூலம் லத்தீனில் 'காசுஸ்', விழுதல் என்று பொருள். பெயர்ச்சொல் நிமிர்ந்து நிற்கிற நிலையிலிருந்து சாய்ந்து விழுவதுதான் வேற்றுமை என்று கிரேக்க இலக்கணக்காரர்கள் நினைத்தார்கள், லத்தீன்காரர்கள் அதை மொழிபெயர்த்துக்கொண்டார்கள். நேர்ந்தது, நம்மேல் வந்து விழுந்தது என்ற பொருளில் அதே சொல் கோர்ட்டுக்கும் போனது. பெட்டி என்ற பொருள் தரும் கேஸ் வேறு சொல், அதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அவர்களுக்கு விழுதல், நமக்கு வழங்குதல். எனக்கு நம்முடையது பிடித்திருக்கிறது.

கோடகன் கால் எழுதியது:

நான் படித்தவன் இல்லை. பத்தாவதோடு சரி. ஆனால் வாத்தியார் நடமாட்டம் என்று சொன்னதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் வயல் கோடகன் கால் பாசனம். அரியநாயகிபுரம் அணைக்கட்டில் இருந்து வருகிற தண்ணீர். ரோட்டிலிருந்து வயலுக்குப் போக ஒரு தடம், எட்டடி அகலம். தாத்தா காலத்திலிருந்து வண்டி போன தடம். இரண்டு சக்கரமும் பதிந்து பதிந்து நடுவில் மட்டும் புல் முளைத்து முதுகு மாதிரி இருக்கும். மழை பெய்தால் சக்கரப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், அதில் தவளை கத்தும். அந்த நடு முதுகில் நடந்துதான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

எட்டு மாசத்துக்கு முன்னால் பக்கத்து நிலம் கைமாறியது. வாங்கியவர் வெளியூர்க்காரர். ஒரு நாள் விடியற்காலம் போனால் தடத்தின் குறுக்கே கல்லுக்கால் ஊன்றி முள்கம்பி கட்டியிருக்கிறது. 'உங்கள் பாதை பட்டாவில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்' என்கிறார். இப்போது வாழைத்தார் அறுத்தால் தலைச்சுமையாக வரப்பு வழியே கொண்டுவருகிறோம். போன வாரம் வரப்பு வழுக்கி என் தம்பி தாரோடு விழுந்தான், முழங்கை பிசகிவிட்டது. வக்கீலைப் பார்த்தேன், கேஸ் போடலாம் என்றார். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. காகிதத்தில் இல்லாத பாதை பாதை இல்லையா?

வேப்பமரத்தடி எழுதியது:

அண்ணாச்சி, பாதைதான். அதுவும் சட்டப்படியே.

1882-ஆம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டம் பிரிவு 15 சொல்வதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமைதியாக, வெளிப்படையாக, உரிமையாக, இடையறாமல் 20 வருஷம் ஒரு வழியில் நடந்தால் அந்த நடையே பாத்தியமாகிவிடும். அடுத்த வீட்டுக்காரர் தயவில், அனுமதி கேட்டு நடந்தால் கணக்கில் வராது. உரிமை என்று நினைத்து நடந்திருக்க வேண்டும். அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவு உள்ளூர் வழக்கத்தினால் வரும் பாத்தியத்தையும் ஒப்புக்கொள்கிறது. ஒரு எச்சரிக்கை: தடுத்தது தெரிந்த பிறகும் ஒரு வருஷம் பொறுத்துப் போனால்தான் சட்டம் அதை இடையறவாக எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு எட்டு மாசம் ஓடிவிட்டது. சும்மா இருக்காதீர்கள்.

வாத்தியார் ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இந்தப் பிரிவை எடுத்துப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நடந்தால் பாதை ஆகும் என்று ஒரு சட்டம், வழங்கினால் சொல் ஆகும் என்று ஒரு இலக்கணம். இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 1868-ல் ராமநாதபுரம் சேதுபதி ஜமீன் தத்து வழக்கு அந்தக் காலத்தில் கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. கணவன் அனுமதி தராமல் இறந்துபோனால் விதவை தத்தெடுக்கலாமா என்பது கேள்வி. இந்து சட்ட முறையில் வழக்கம் தெளிவாக மெய்ப்பிக்கப்பட்டால் அது எழுதி வைத்த சட்ட நூலின் வாசகத்தைவிட எடை கூடியது என்று தீர்ப்பில் சொன்னார்கள். சட்டக் கல்லூரியில் இதை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினேன், அதற்கு மேல் நினைத்துப் பார்த்ததில்லை. 1872-ல் சேதுராயர் ஜமீன் வாரிசு வழக்கில் அந்தக் கவுன்சிலே ஒரு வரம்பும் போட்டது. வாரிசு முறையை மாற்றுகிற வழக்கம் பழமையானதாக, மாறாததாக இருக்க வேண்டும், சாட்சியம் ஐயத்துக்கு இடமில்லாமல் இருக்க வேண்டும். இன்றைய அரசியலமைப்பின் 13-ஆம் உறுப்பிலும் சட்டம் என்ற சொல்லுக்குள் சட்ட வலிமை உள்ள வழக்காறும் அடங்கும் என்று இருக்கிறது.

சங்கரன்கோவில் பேச்சி எழுதியது:

எல்லாரும் வழக்கு பெரிது என்று சொல்கிறீர்கள். யாருடைய வழக்கு?

வெளியூரில் ஒரு கல்லூரியில் முதல் வருஷம் படித்தபோது பேச்சுப் போட்டிக்குப் பேர் கொடுத்தேன். மேடையில் ஒரு இடத்தில் 'நான் சொல்லுதேன்' என்று வாயில் வந்துவிட்டது. வீட்டில் அப்படித்தான் பேசுவோம். சொல்லுதேன், வாரேன், பாக்கேன், கேக்கேன். நடுவர் மைக்கை வாங்கி, 'இது தமிழே இல்லை, கொச்சை' என்றார். அதற்குப் பிறகு அந்தக் கல்லூரியில் மூன்று வருஷம் நான் மேடை ஏறவில்லை. 'வழக்கெனப் படுவது உயர்ந்தோர் மேற்றே' என்று தொல்காப்பியம் சொல்லவில்லையா வாத்தியார் ஐயா? உயர்ந்தோர் யார்? என் அம்மை உயர்ந்தோரில் உண்டா?

கல்லிடை வாத்தியார் எழுதியது:

பேச்சியம்மா, இதை நிதானமாக எழுத வேண்டும் என்று காலையிலிருந்து வைத்திருந்தேன்.

சூத்திரம் அப்படித்தான் இருக்கிறது. 'வழக்கெனப் படுவது உயர்ந்தோர் மேற்றே, நிகழ்ச்சி அவர்கட்டு ஆகலான.' மரபியலில் வருகிறது. பழைய உரைகாரர்கள் உயர்ந்தோர் யார் என்பதை அவரவர் காலத்துக் கண்ணோடு பார்த்தார்கள். நான் அந்த இரண்டாவது அடியைப் பிடித்துக்கொள்கிறேன். காரணம் நிகழ்ச்சி. உலகத்தில் எது நிகழ்கிறதோ அதுதான் அளவு. தொல்காப்பியப் பாயிரமே 'வழக்கும் செய்யுளும் ஆயிரு முதலின்' என்று வழக்கைத்தான் முதலில் வைக்கிறது, செய்யுள் அதற்குப் பின்னால்தான்.

இனி 'சொல்லுதேன்'. 'மழை பெய்யுது' என்று தமிழ்நாடு முழுக்கச் சொல்கிறார்கள், அதை யாரும் தமிழே இல்லை என்று சொல்வதில்லை. அந்தத் 'து'வை நம் ஊரில் மழைக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் எனக்கும் அவனுக்கும் அவளுக்கும் கொடுத்தோம். சொல்லுதேன், சொல்லுதான், சொல்லுதா. பார், கேள், நட போன்ற வினைகளுக்கு அது வராது, அங்கே பாக்கேன், கேக்கேன், நடக்கேன். எந்த வினைக்கு எது என்று மூன்று வயசுப் பிள்ளைகூடத் தப்பாமல் சொல்லும். தப்பாமல் சொல்ல முடிகிறது என்றால் உள்ளே விதி இருக்கிறது. அந்த நடுவர் அதைக் கேட்கத் தெரியாதவர். நன்னூல் நிகழ்காலத்துக்கு ஆநின்று, கின்று, கிறு என்று மூன்று இடைநிலை சொல்கிறது. தொல்காப்பியத்தில் அப்படி ஒரு சூத்திரம் இல்லை. இடைப்பட்ட காலத்தில் அவை வழங்கின, பவணந்தியார் ஏற்றுக்கொண்டார். 'வழுவல கால வகையினானே', காலப்போக்கில் இப்படி மாறுவது தப்பில்லை, என்று அவரே எழுதியும் வைத்தார்.

கோடகன் கால் அண்ணாச்சியின் தடத்துக்குச் சாட்சி யார்? அதில் நடந்தவர்கள்தானே? உங்கள் அம்மை உண்டு, பேச்சியம்மா. முதல் சாட்சி அவர்கள்தான்.

கூடவே ஒன்று. இந்த இழை ஆரம்பித்ததிலிருந்து வ.உ.சி. நினைப்பாகவே இருக்கிறது. ஒட்டப்பிடாரத்திலும் தூத்துக்குடியிலும் வக்கீலாக இருந்தவர். 1908 ஜூலை 7-ல் இதே திருநெல்வேலி செஷன்ஸ் கோர்ட்டில்தான் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்கள். வக்கீல் தொழில் செய்ய உரிமம் தரும் சன்னதும் போனது. அப்படி ஒரு வழக்கில் நொறுங்கிய மனிதர் பின்னாளில் தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைத் தேடிப் பதிப்பித்தார். அந்த வேலையில் அவரோடு நின்ற வையாபுரிப் பிள்ளையும் நம் சீமைக்காரர், அவரும் வக்கீல். 1926-ல் கோர்ட்டை விட்டுவிட்டுச் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகனுக்குப் பதிப்பாசிரியராகப் போனார், 1936-ல் முடித்துக் கொடுத்தார். ரா.பி. சேதுப்பிள்ளையும் சட்டம் படித்தவர், டி.கே.சி.யும் சட்டம் படித்தவர். இது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. ஒரு சொல் எங்கே எப்படி வழங்கியது என்று ஆதாரம் கேட்கிற பழக்கம் கோர்ட்டில் வந்ததுதான்.

கீழரதவீதி எழுதியது:

என் மறுப்பை நான் விடவில்லை. பதினெட்டும் வியவகாரமும் அங்கேயே நிற்கட்டும், இன்னொரு நாள் தனியாகப் பேசலாம். ஆனால் ஐயா பக்கத்துக்கு நானே ஒரு சான்று தருகிறேன்.

பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணம். சுந்தரர் தனக்கு அடிமை என்று கிழவேதியர் திருவெண்ணெய்நல்லூர் சபையில் வழக்கு வைக்கிறார். சபை அவரிடம் மூன்றில் ஒன்றைக் காட்டச் சொல்கிறது: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. ஆவணம் ஓலை, காட்சி சாட்சி. முதலில் நிற்பது ஆட்சி, அதாவது காலம் காலமாக நடந்துவந்த அனுபோகம். சொல்லாட்சி என்று இலக்கணத்தில் சொல்கிறோமே, அதே ஆட்சி! இரண்டு நாளாக வழக்கைப் பார்த்துக்கொண்டே இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம். கோடகன் கால் அண்ணாச்சியிடம் ஆட்சி இருக்கிறது, காட்சி இருக்கிறது. ஆவணம் உண்டா என்று வீட்டில் தேடிப் பாருங்கள்.

கோடகன் கால் எழுதியது:

தேடினேன். அம்மாவின் டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் இருந்தது. 1958-ல் தாத்தா வாங்கிய கிரயப் பத்திரம். முத்திரைத்தாள் மடிப்பில் கிழிந்து நாலு துண்டாக இருக்கிறது, மசி காப்பிப்பொடி நிறத்துக்கு மங்கிவிட்டது. மகளைப் படிக்கச் சொல்லி எழுதிக்கொண்டேன். அப்படியே போடுகிறேன்:

'மேற்படி நிலத்துக்கு ஆளும் ஏர்மாடும் வண்டியும் வழங்கிவருகிற மாமூல் தடத்தில் தாங்களும் வழங்கிக்கொண்டு சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக் கொள்ளவும்.'

1987-ல் அப்பாவும் சித்தப்பாவும் செய்த பாகப் பத்திரத்தையும் எடுத்துப் பார்த்தேன். அதில் இந்த வரி இல்லை. 'மாமூல் பாதை உள்பட' என்று மூன்றே சொல். இது போதுமா?

வேப்பமரத்தடி எழுதியது:

அண்ணாச்சி, பழைய பத்திரத்தை இனி மடிக்க வேண்டாம். ஒரு அட்டைமேல் விரித்து வைத்துவிடுங்கள். திங்கட்கிழமை காலையிலேயே சார்பதிவாளர் அலுவலகம் போய் 1958 பத்திரத்துக்குச் சான்றிட்ட நகல் கேட்டு மனு போடுங்கள், பத்திர எண் முதல் பக்கத்து முத்திரையில் இருக்கும். நகல் கையில் வந்ததும் 1987 பத்திரத்தோடு சேர்த்து உங்கள் வக்கீலிடம் கொடுத்து, வழக்குரையில் அந்த வரியைச் சுருக்காமல் 'வழங்கிவருகிற' என்ற சொல்லோடு அப்படியே போடச் சொல்லுங்கள். அந்தத் தடத்தில் வண்டி ஓட்டிய பெரியவர்கள் ஊரில் இருந்தால் பேரும் வயசும் இன்றைக்கே எழுதி வையுங்கள். தம்பி கைக்கு எண்ணெய்க் கட்டோடு விட்டுவிடாமல் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

அக்கா மகனிடம் இந்த இழை முழுவதையும் படித்துக் காட்டினேன். தடத்தைப் பார்க்க வேண்டும் என்கிறான். ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வரலாமா?